குத்துமதிப்பாக எட்டு வாரம்

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. 2010-ஆம் வருடம். அலுவலகம் பழைய மகாபலிபுரம் சாலையில், கிளையண்ட் அமெரிக்காவில் ஒஹாயோவில், கான்ஃபரன்ஸ் கால் இரவு எட்டரைக்கு. ஒரு ரிப்போர்ட்டை முழுக்க மாற்ற வேண்டும் என்று அந்தப் பக்கத்திலிருந்தவர் விளக்கிவிட்டு, நாளைக்குள் ஒரு ‘பால்பார்க் ஃபிகர்’ கொடுத்தால் போதும் என்றார். என் டீம் லீட் அன்று லீவு. நான் பாட்டுக்கு ‘ஷ்யூர்’ என்று சொல்லிவிட்டேன்.

போனை வைத்த பிறகு தேடிப் பார்த்தேன். உத்தேச மதிப்பீடு என்று போட்டிருந்தது. அதில் ‘மதிப்பீடு’ மட்டும்தான் என் கண்ணில் பட்டது. ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்து எக்செல்லில் 47 வரி எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் இத்தனை மணி நேரம் என்று போட்டு, டெஸ்டிங், ரிவ்யூ எல்லாம் சேர்த்துக் கூட்டினால் 186.5 மணி நேரம் வந்தது. அந்த அரை மணி நேரத்தைத் தள்ளிவிட மனசு வரவில்லை. அப்படியே அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. ரொம்ப நன்றி, இது இரண்டு வார வேலையா இரண்டு மாத வேலையா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன், என்று. லீட் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “ஏம்மா, அவரு குத்துமதிப்பா ஒரு நம்பர் கேட்டாரு. நீ பைசா சுத்தமா கணக்கு எழுதி அனுப்பியிருக்கே.”

குத்துமதிப்பு! அந்த ஒரு வார்த்தையை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் ராத்திரி தூங்கியிருப்பேன். பால்பார்க் என்பது பேஸ்பால் மைதானம். பந்து எங்கே விழுந்தாலும் சரி, வேலிக்குள் விழுந்தால் போதும் என்கிற மாதிரி ஒரு கணக்கு. ஆனால் அந்த ஒஹாயோக்காரர் அதைச் சொல்லும்போது மைதானத்தையா நினைத்திருப்பார்? குத்துமதிப்பு என்று சொல்லும்போது அதிலிருக்கும் குத்து என்ன குத்து என்று நாம்தான் என்றைக்காவது யோசித்திருக்கிறோமா?

பாளையங்கோட்டையில் நான் படித்த பள்ளியில் இங்கிலீஷ் கைடின் கடைசிப் பக்கங்களில் ‘இடியம்ஸ்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். இடது பக்கம் தொடர், வலது பக்கம் பொருள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி உருப்போட்டு, மறுநாள் எழுதிவிட்டு வருவோம். தமிழ் வகுப்பில் இதையே மரபு என்று சொல்லிக்கொடுத்தார்கள். ‘எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே’ என்று நன்னூல் சூத்திரத்தையே டீச்சர் பாடிக் காட்டுவார். உயர்ந்தோர் எப்படிச் சொன்னார்களோ அப்படியே சொல்ல வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. கால் மீட்டிங்கில் உயர்ந்தோர் யார் என்பதில் சந்தேகமே வராது. பில்லுக்குப் பணம் கட்டுகிறவர்.

கைடில் இல்லாதது ஒன்றுதான். எதை யார் யாரிடம் எந்த முகத்தோடு சொல்வார்கள் என்பது. அதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பத்து வருடம் ஆனது. இன்னும் முடியவில்லை என்பது வேறு விஷயம்.

மூன்று வருடம் கழித்து என்னை இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் இருந்த ஒரு கிளையண்டுக்கு மாற்றினார்கள். பிரிட்டிஷ்காரர்கள் பேச்சில் கிரிக்கெட் நிறைய வரும் என்பதால் எனக்குக் கொஞ்சம் தெம்பு. ‘ஆன் த பேக் ஃபுட்’ என்றால் தற்காப்பில் நிற்பது. இதற்கெல்லாம் அகராதி தேவையில்லை, அண்ணன் தம்பியோடு தெருவில் ஆடியிருந்தால் போதும். அமெரிக்கர்களிடம் இந்தச் சௌகரியம் கிடையாது. ‘டச் பேஸ்’, ‘கர்வ் பால்’, ‘அவுட் ஆஃப் லெஃப்ட் ஃபீல்ட்’ என்று பேஸ்பாலிலிருந்து வாரி வாரி எறிவார்கள். ஒரு மேட்ச் கூட முழுதாகப் பார்க்காத நாங்கள் அத்தனையையும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வோம். ஆறு மாதத்தில் நாங்களும் அவற்றையே திருப்பி எறிய ஆரம்பித்துவிடுவோம். வேளச்சேரியில் டிபன் சாப்பிட்டுக்கொண்டே ‘நாளைக்கு டச் பேஸ் பண்ணிக்கலாம்’, அதாவது ஒரு வார்த்தை பேசிக்கலாம், என்று ஒருத்தர் இன்னொருத்தரிடம் சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன். எந்த பேஸ், யார் தொடுவது?

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. சென்னைக்காரர்களுக்குத் தேதியைச் சொன்னாலே போதும். மதியம் மூன்று மணிக் காலில் லீட்ஸ் மேனேஜர் வழக்கம்போல, அங்கே வெதர் எப்படி என்று கேட்டார். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் உருப்போட்டதைக் கடைசியில் பயன்படுத்தும் வாய்ப்பு வந்துவிட்டதே என்று, ‘இட்ஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் பாட்டிதான் இன்னும் அப்படிச் சொல்வாள் என்றார். அவர்கள் ஊரில் இப்போது ‘சக்கிங் இட் டவுன்’, ‘பக்கெட்டிங் டவுன்’ என்றெல்லாம்தான் சொல்கிறார்களாம். சிரித்து முடித்ததும் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம்.

அன்று ராத்திரி அடையாறு ஊருக்குள் வந்தது. கரண்ட் போனது, போன் போனது. மூன்று நாள் கழித்து யாரோ ஒருவர் மொபைலில் சிக்னல் வர, டீம் பத்திரம் என்று ஒரு மெசேஜ் போட்டோம். உடனே கூப்பிட்ட மேனேஜரின் குரலே மாறியிருந்தது. செய்தியில் பார்த்துத்தான் எனக்குத் தெரியும், நீ ஏதோ சாதாரண மழை என்பதுபோலத்தானே சொன்னாய் என்றார். அவர் சொன்னது சரிதான். நாயும் பூனையுமாகப் பெய்கிறது என்பது குடையை மறந்துவிட்டு வந்தவர் சிரித்துக்கொண்டே சொல்கிற வாக்கியம். ஊர் முழுகும்போது சொல்வதற்கு அதில் இடமில்லை. பொருள் என்ற இடத்தில் ‘கனமழை’ என்று அச்சடித்திருந்ததை நம்பினேன்.

இதே கோளாறு எங்கேயோ பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது என்று பிறகு ஒரு நாள் படித்தேன். 1951 ஏப்ரல், கொரியப் போர். இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்று சீனப் படையின் பெரும் தாக்குதலில் மாட்டிக்கொண்டது. அதில் கிளஸ்டர்ஷைர் ரெஜிமென்ட்டின் பட்டாலியன் ஒரு குன்றில் தனித்துப்போய் நிற்கிறது. படைப்பிரிவின் தலைவர் பிரிகேடியர் பிரோடியிடம், மேலே இருந்த அமெரிக்க ஜெனரல் நிலைமை என்ன என்று கேட்கிறார். ‘கொஞ்சம் ஸ்டிக்கியாக இருக்கிறது, சார்’ என்கிறார் பிரோடி. ஸ்டிக்கி என்றால் பிசுபிசுப்பு. மழையில் நனைந்த பிட்ச் வெயிலில் காயும்போது பந்து தாறுமாறாக எழும்பும், பேட்ஸ்மேன் பாடு திண்டாட்டம். அதை ஸ்டிக்கி விக்கெட் என்பார்கள். இங்கிலீஷ்காரர் வாயிலிருந்து அந்த வார்த்தையோடு ‘கொஞ்சம்’ என்பதும் சேர்ந்து வந்தால், கழுத்துவரை வந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொரு இங்கிலீஷ்காரர் கேட்டிருந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். அமெரிக்க ஜெனரலுக்கோ, சிரமம்தான், ஆனாலும் சமாளிக்கிறார்கள் என்று கேட்டது. பின்வாங்கச் சொல்லி நேரத்தோடு உத்தரவும் வரவில்லை, போதுமான உதவியும் வரவில்லை. அந்தப் பட்டாலியனில் பெரும்பாலானவர்கள் செத்தார்கள், அல்லது சிறைப்பட்டார்கள்.

அதைப் படித்த அன்று, பட்டியலின் இடது பக்கத்தில் ‘கொஞ்சம் ஸ்டிக்கி’ என்று எழுதினால் வலது பக்கத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தேன். அது யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது என்றுதான் எழுத முடியும்.

சர்ச்சிலும் தன் போர் நினைவுகளில் இப்படி ஒன்றைச் சொல்கிறார், நல்லவேளையாக இதில் யாரும் சாகவில்லை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் அதிகாரிகளும் அமெரிக்க அதிகாரிகளும் ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்வதா வேண்டாமா என்று காரசாரமாகச் சண்டை போட்டார்களாம். பிரிட்டனில் டேபிள் செய்வதென்றால் இப்போதே பேச எடுப்பது. அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றே என்பது பிறகுதான் தெரிந்தது.

சரி, நாயும் பூனையும் எங்கிருந்து வந்தன? ஜோனதன் ஸ்விஃப்ட் 1738-இல் வந்த ஒரு நூலில், அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களின் தேய்ந்த பேச்சைக் கிண்டல் செய்யும்போதே இதையும் பயன்படுத்தியிருக்கிறார். அதாவது 1738-லேயே பழசு! கூரை வேய்ந்த வீடுகளில் நாயும் பூனையும் கூரைமேல் படுத்திருக்கும், மழையில் வழுக்கிக் கீழே விழும் என்று ஒரு கதை சுற்றுகிறது. கட்டுக்கதை. இந்த மாதிரிக் கதைகளில் நமக்கும் குறைவில்லை. ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்றால், அய்யோ அது பேர் இல்லை, வேர் என்று திருத்தி ஒரு ஃபார்வர்டு வரும். ‘அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட’ கதை என்றால், அது அரச மரம் என்று இன்னொன்று வரும். பழமொழி சொன்ன பாட்டிகள் எல்லாம் நாகரிகமானவர்கள், நடுவில் வந்தவர்கள்தான் கெடுத்துவிட்டார்கள் என்று காட்ட ஓர் ஆசை. என் பாட்டியைத் தெரிந்தவள் என்கிற முறையில் சொல்கிறேன், வைத்தியனைப் பற்றி அவள் சொன்னது பேர்தான்.

உண்மையான கதைகளே போதுமான அளவு நன்றாக இருக்கின்றன. ஒருவரின் இடியைத் திருடுவது என்று ஒரு தொடர் உண்டு, ‘ஸ்டீல் சம்ஒன்ஸ் தண்டர்’. ஜான் டென்னிஸ் என்ற நாடகக்காரர் 1709-இல் லண்டனில் போட்ட நாடகத்துக்காக, மேடையில் இடிச் சத்தம் எழுப்பப் புது வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். நாடகம் படுத்துவிட்டது. கொஞ்ச நாளில் அதே அரங்கில் மேக்பெத் பார்க்கப் போனால், அங்கே கேட்டது அவருடைய இடி. என் நாடகத்தை ஓடவிட மாட்டார்களாம், என் இடியை மட்டும் திருடிக்கொள்வார்களாம் என்று கத்தினாராம் மனுஷன். நாம் ராத்திரி கண்விழித்துச் செய்ததை இன்னொருவர் தன் ஸ்லைடில் போட்டுக் காட்டும்போதெல்லாம் எனக்கு டென்னிஸ் ஞாபகம் வருவார்.

லீட்ஸ் மேனேஜரின் அந்தப் பாட்டி மறு வருடம் இறந்துபோனார். 94 வயது. நான் வருத்தம் தெரிவித்தபோது அவர், ‘ஷி ஹேட் எ குட் இன்னிங்ஸ்’ என்றார். நல்லா ஆடிட்டுத்தான் போனாள் என்று. எனக்குச் சட்டென்று கல்யாணச் சாவு என்ற வார்த்தை நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கம் பேரன் பேத்தி எடுத்து முடித்தவர்கள் போனால் கொட்டு மேளத்தோடு தூக்குவோமே, அதே அமைதி அவர் குரலில் இருந்தது. ஆனால் அதை அவர் சொல்லலாம், நான் சொல்ல முடியாது. சாவு வீட்டுக்குப் போனவர்கள் முதலில் வாயைத் திறந்து கல்யாணச் சாவு என்று சொல்வார்களா? வீட்டுக்காரர்கள் சொன்னால் தலையாட்டலாம்.

இதே சமயத்தில்தான் டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையன் லீவு கேட்டு லீட்ஸுக்கு அனுப்ப எழுதி வைத்திருந்த மெயிலை என்னிடம் காட்டினான். தாத்தா தவறிவிட்டார், மூன்று நாள் வரமுடியாது. அதற்கு அவன் எழுதியிருந்தது ‘கிக்டு த பக்கெட்’. பாவம், அவனுக்கும் அதே கைடுதான். பொருள்: இறந்துபோதல்.

“தம்பி, இதைத் தமிழ்ல சொல்றேன் கேளு. எங்க தாத்தா மண்டையைப் போட்டுட்டாரு, மூணு நாள் லீவு வேணும்.”

தாத்தா போன துக்கத்திலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘பாஸ்ட் அவே’ என்று மாற்றினான். 1785-இல் ஃபிரான்சிஸ் குரோஸ் என்பவர் தெருப் பேச்சுக்கென்றே ஓர் அகராதி போட்டார், அதில் இந்த வாளியும் உண்டு. அன்றைக்கும் தெருவில் கிடந்த தொடர், இன்றைக்கும் துக்க வீட்டுக்குள் நுழையவில்லை. இந்தத் தொடர்களைத் திருப்பிப் போடவும் முடியாது. வாளி அவரால் உதைக்கப்பட்டது என்றால் வாளிதான் நிற்கும், சாவு போய்விடும். கடன் வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான் என்றால் புரிகிறது. நீளமான கம்பியை நீட்டினான் என்று ஒரு அடைமொழி சேர்த்துப் பாருங்கள், கொத்தனார் வேலை ஆகிவிடும்.

நாம் பேசும் இங்கிலீஷ் அவர்களுக்குப் புரியாமல் போவதும் உண்டு. ஒருமுறை சக ஊழியர் ஊருக்குப் போயிருந்தபோது அவர் ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்றேன். அந்தப் பக்கம் ஒரு நிமிட மௌனம். பிறகு, எந்த ஸ்டேஷன் என்ற கேள்வி வந்தது. வெள்ளைக்காரன் ஆட்சியில் அதிகாரியைப் போட்ட இடத்துக்கு ஸ்டேஷன் என்று பேர். அதை விட்டு வெளியே போனால் அவுட் ஆஃப் ஸ்டேஷன். அவர்கள் கப்பலேறிப் போனபோது வார்த்தையை இங்கேயே விட்டுவிட்டார்கள். நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம், கேட்டால் யாருடையது என்று தெரியவில்லை என்கிறார்கள்.

2020 மார்ச்சில் லாக்டவுன் வந்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு அம்மாவிடம் வந்துவிட்டேன். இப்போது மறுபடியும் அமெரிக்கக் கிளையண்ட், ராத்திரிக் கால்கள். ஒரு கட்டத்தில் புது மாட்யூலுக்கு எவ்வளவு ஆகும், சும்மா ஒரு பால்பார்க் போதும் என்றார்கள். பத்து வருட அனுபவம் என்ன சும்மாவா? குத்துமதிப்பாக எட்டு வாரம் என்றேன். மெயிலிலும் பால்பார்க் என்ற வார்த்தையைப் போட்டே எழுதினேன். அந்த எட்டு வாரம் ஒரு ஸ்லைடில் ஏறியது. ஸ்லைடிலிருந்து இன்னொரு ஸ்லைடுக்குப் போகும் வழியில் பால்பார்க் உதிர்ந்துபோய் எட்டு மட்டும் மிஞ்சியது. ஒன்பதாவது வாரம், கொடுத்த வாக்கு என்ன ஆனது என்று கேட்டார்கள்.

பால்பார்க் என்றுதானே சொன்னேன் என்று மெயிலை எடுத்துக் காட்டினேன். யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் மேனேஜர் மட்டும் ரொம்ப இதமான குரலில், இங்கே யாரும் ‘ஸ்கேப்கோட்’ தேடவில்லை என்றார். அந்த வாக்கியத்தை யாராவது சொன்னால் கண்டுபிடித்தாகிவிட்டது என்று பொருள். இதுவும் கைடில் இல்லை.

கால் முடிந்ததும் அம்மா கேட்டாள். “ஏட்டி, இந்நேரத்துல என்ன ஆட்டைப் பத்திப் பேசிக்கிட்டிருந்த?”

என்னைப் பலிகடா ஆக்கப் பார்க்கிறார்கள் அம்மா என்று நடந்ததைச் சொன்னேன். ஸ்கேப்கோட் என்ற வார்த்தையையும், அது பைபிளிலிருந்து வந்தது என்பதையும் சொன்னேன். அம்மா தினமும் காலையில் பைபிள் வாசிக்கிறவள். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“அது பலிகடா இல்லட்டி. போக்காடு.”

எடுத்துக் காட்டினாள். லேவியராகமம், பதினாறாம் அதிகாரம். இரண்டு ஆடுகளைக் கொண்டுவந்து சீட்டுப் போடுகிறார்கள். ஒன்றைப் பலியிடுகிறார்கள். இன்னொன்றின் தலையில் ஆசாரியன் கைகளை வைத்து, ஜனங்களின் பாவத்தையெல்லாம் அதன்மேல் ஏற்றி, உயிரோடு வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுகிறான். போக விடும் ஆடு, போக்காடு. 1530-இல் வில்லியம் டின்டேல் இதை இங்கிலீஷில் எழுதும்போது, தப்பிப் போகிற ஆடு என்று இதே மாதிரி ஒட்டித்தான் ஸ்கேப்கோட் என்ற வார்த்தையைச் செய்தார். பேப்பர்களில் நாம் பலிகடா என்று எழுதுவது சீட்டு மாறி விழுந்த அடுத்த ஆட்டை!

அன்று ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் தூங்கவே இல்லை. நான் இங்கிலீஷில் ஒன்று சொல்ல, அம்மா தமிழில் இடத்தைச் சொல்வாள். மயிரிழையில் தப்பித்தேன் என்பதற்கு அமெரிக்கர்கள் ‘ஸ்கின் ஆஃப் மை டீத்’ என்பார்கள். பல்லுக்கு ஏது தோல் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். அம்மா யோபுவைத் திறந்தாள். ‘என் பற்களை மூடக் கொஞ்சம் தோல்மாத்திரம் தப்பினது.’ சின்ன வயதில் நூறு தடவை காதில் விழுந்த வசனம். ‘ஆப்பிள் ஆஃப் மை ஐ’ என்றேன். கண்ணில் எங்கேட்டி ஆப்பிள் என்றாள். பழைய இங்கிலீஷில் கண்ணின் பாவையையே ஆப்பிள் என்றார்கள், உருண்டையாக இருப்பதால் என்றேன். கண்மணி, அவ்வளவுதானே என்று சங்கீதம் பதினேழைச் சொன்னாள். கைடில் நான் உருப்போட்டதில் பாதி, வீட்டு அலமாரியில் பழுப்பேறிய தாளில் இருந்திருக்கிறது.

ஆறு வாரம் கழித்து எனக்கு ஒரு மெயில் வந்தது. இன்ன தேதியிலிருந்து நீங்கள் ப்ராஜெக்டிலிருந்து ‘ரிலீஸ்’ செய்யப்படுகிறீர்கள். வேலை போகவில்லை, சம்பளம் உண்டு. பெஞ்சுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆட்டத்தில் இறங்காத வீரர்கள் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பெஞ்சு.

அம்மாவிடம் சொன்னேன்.

“வெட்டலல்லா? விட்டுட்டாவல்லா?” என்றாள். “நான் சொன்னம்லா.”

பெஞ்சில் 41 நாள். தினமும் லாகின் செய்து ட்ரெயினிங் வீடியோ பார்க்க வேண்டும், அவ்வளவுதான். 42-ஆம் நாள் வேறொரு ப்ராஜெக்டிலிருந்து ஒரு மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வேலையை விளக்கிவிட்டு, இதற்கு எவ்வளவு நாள் ஆகும், டீட்டெயில் எல்லாம் வேண்டாம், ஒரு பால்பார்க் போதும் என்றார்.

நாளைக்குச் சொல்கிறேன் சார் என்று போனை வைத்துவிட்டு எக்செல்லைத் திறந்தேன்.